ஆறு பேர் தொடரும் மேஜை

(கணித ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிகழ்தகவைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நாணயம் சுண்டுவதும் பகடை உருட்டுவதும் நீங்கள் வகுப்பிலேயே பார்த்தவை. நான் இன்று ஒரே ஒரு சீட்டாட்டத்தை, அதிலும் ஒரே ஒரு நிலைமையை எடுத்துக்கொள்கிறேன். லிமிட் ஹோல்டெம் என்னும் போக்கர் மேஜை. எந்தச் சீட்டு வந்தாலும் பணம் கட்டித் தொடர்கிறவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். நடுவில் ஆட்டம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எப்படி ஆட வேண்டும்?

திறமை குறைந்தவர்களை வெல்வது எளிது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆட்டம் தெரிந்த பலர் இந்த மேஜையிலிருந்துதான் மனம் உடைந்து எழுந்து போகிறார்கள். "இவர்களுக்கு ஆடவே தெரியவில்லை, அதனால்தான் என்னால் ஜெயிக்க முடியவில்லை" என்பது அமெரிக்கக் கார்டு ரூம்களில், அதாவது சீட்டாட்டக் கூடங்களில், ஓயாமல் ஒலிக்கும் புலம்பல். கணக்குப்படி அது தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்காமல். மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, அதற்குப் பெயர் ஃபிளாப், அடுத்து ஒன்று, டர்ன், கடைசியாக ஒன்று, ரிவர். ஏழில் சிறந்த ஐந்தை வைத்து வெற்றி. இரண்டு சீட்டு வந்ததும் ஒரு சுற்றுப் பந்தயம், பிறகு ஃபிளாப், டர்ன், ரிவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. நடுவில் சேரும் பணத்தைப் பாட் என்பார்கள். லிமிட் ஆட்டத்தில் பந்தயத்தின் அளவு முன்கூட்டியே கட்டுப்படுத்தப்பட்டது. 4-8 ஆட்டம் என்றால் முதல் இரண்டு சுற்றில் 4 டாலர், பின்னிரண்டு சுற்றில் 8 டாலர். ஏற்றினாலும் அதே அளவில்தான் ஏற்றலாம். பொதுவாக ஒரு சுற்றில் மூன்று முறைக்கு மேல் ஏற்ற முடியாது. கையிலுள்ளதை எல்லாம் ஒரே மூச்சில் தள்ளி எதிரியை மிரட்டும் காட்சியை நீங்கள் திரைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். அது நோ-லிமிட். இங்கே அதற்கு இடமே இல்லை.

டெக்ஸஸில் ராப்ஸ்டவுன் என்னும் ஊரை இந்த ஆட்டத்தின் பிறப்பிடமாக அந்த மாநிலச் சட்டமன்றம் 2007இல் அங்கீகரித்தது. ஆட்டம் 1960களில் லாஸ் வேகாஸுக்குப் போனது. கலிஃபோர்னியாவில் 1987 வரை இதற்கு இடம் இல்லை. 19ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றின் பெயரால் அங்கே வேறு வகைப் போக்கர்தான் ஆடப்பட்டது. அனுமதி கிடைத்ததும் லாஸ் ஏஞ்சலிஸ் சுற்றுவட்டாரத்துக் கார்டு ரூம்களில் லிமிட் ஹோல்டெம் பெருகியது. தொழிற்சாலை வேலை முடித்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் உட்காரும் மேஜை அது. ஒன்பது பேரில் ஆறு பேர், ஏழு பேர் ஃபிளாப் பார்க்காமல் போக மாட்டார்கள். 1994இல் லீ ஜோன்ஸ் இந்தச் சிறு பந்தய மேஜைகளுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். 2004இல் எட் மில்லர், டேவிட் ஸ்க்லான்ஸ்கி, மேசன் மால்மத் மூவரும் சேர்ந்து 'ஸ்மால் ஸ்டேக்ஸ் ஹோல்டெம்' எழுதினார்கள். நான் இன்று பேசுவதன் அடித்தளம் அந்த வரிசையில் வந்த சிந்தனைதான். கணக்குகளை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தப் புலம்பலை எடுத்துக்கொள்வோம். இருப்பதிலேயே சிறந்த கைச்சீட்டு இரண்டு ஏஸ். 221 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். எதிரே ஒரே ஒருவர் ஏதோ இரண்டு சீட்டோடு கடைசிவரை வந்தால், ஏஸ்காரர் 100க்கு 85 முறை ஜெயிப்பார். எதிரே ஒன்பது பேர், ஒன்பது பேரும் கடைசிவரை வந்தால்? 100க்கு 31 முறைதான். "பார்த்தீர்களா, கூட்டம் கூடினால் ஏஸ் கூட நிற்காது" என்பார்கள். இப்போது பணத்தை எண்ணுங்கள். பிறகு வரும் பந்தயங்களை ஒதுக்கிவிட்டு, ஆளுக்கு 4 டாலர் மட்டும் போடுவதாக வைத்துக்கொள்வோம். இருவர் ஆடினால் பாட் 8 டாலர். அதில் ஏஸ்காரரின் சராசரிப் பங்கு 6.80; போட்ட 4 போக லாபம் 2.80. பத்துப் பேர் ஆடினால் பாட் 40; அதில் 31 விழுக்காடு 12.40, லாபம் 8.40. மூன்று மடங்கு.

தோற்கும் தடவை பல மடங்கு கூடுகிறது, லாபமும் மூன்று மடங்கு கூடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. மனித மனம் தோல்வியின் எண்ணிக்கையைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. பாட்டின் அளவை வைத்துக்கொள்வதில்லை. பத்து முறை ஏஸ் வந்து ஏழு முறை உடைந்தால் அந்த ஏழும் இரவில் தூங்கவிடாது. ஜெயித்த மூன்று பாட்டும் அந்த ஏழு இழப்பையும் அடைத்து மேலே மிஞ்சின என்பதை அவர் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, எந்தச் சீட்டோடும் தொடரும் அந்தத் தளர்ந்த ஆட்டக்காரர் உண்மையில் எங்கே தவறு செய்கிறார் என்று பார்க்க வேண்டும். நாம் நினைக்கும் இடத்தில் அவர் எப்போதும் தவறு செய்வதில்லை. ஆறு பேர் தலைக்கு 4 டாலர் போட்டு ஃபிளாப் பார்க்கிறார்கள், பாட் 24. முதல் ஆள் 4 டாலர் பந்தயம் வைக்கிறார். அடுத்தவரிடம் வரிசைக்கு நடுவே ஒரு சீட்டு குறைகிறது. 5, 6, 8, 9 இருக்கிறது, 7 வந்தால் வரிசை முடியும். பார்க்காத 47 சீட்டில் 7 நான்குதான். எதிராக 43, சாதகமாக 4. ஏறக்குறைய 11க்கு 1. அவர் முன்னால் இருப்பது 28 டாலர், கட்ட வேண்டியது 4. 7க்கு 1தான் கிடைக்கிறது. தொடர்வது தவறு. ஆனால் அதே ஆள் கடைசியில் உட்கார்ந்து, இடையில் மூன்று பேர் தொடர்ந்துவிட்டால் பாட் 40 ஆகிவிடும். 10க்கு 1. பிறகு 7 விழுந்தால் டர்னிலும் ரிவரிலும் 8 டாலர்களாக மற்றவர்கள் கட்டத்தான் போகிறார்கள். இப்போது அவர் தொடர்வது சரியாகிவிட்டது! அவர் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. ஆனால் செய்தது சரி. ஒருவர் தவறாகத் தொடர்ந்தால் அடுத்தவருக்கு விலை குறைகிறது, அவர் தொடர்ந்தால் அதற்கடுத்தவருக்கு இன்னும் குறைகிறது. கெட்டிக்காரர் சினந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

எதிரியின் தவறு எல்லாம் நமக்கு லாபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இருவர் ஆட்டத்தில் அது சரி. பலர் ஆடும் பாட்டில், ஒருவர் தவறாகக் கட்டும் பணம் முன்னணியில் இருப்பவருக்கு வராமல், ஃபிளஷுக்கு, அதாவது ஒரே வகையில் ஐந்து சீட்டுக்கு, காத்திருக்கும் மூன்றாமவர் பக்கம் போய்விடலாம். போக்கர் நூல்களில் இதை மார்ட்டன் தேற்றம் என்பார்கள். என் கருத்தில் இந்த மேஜையின் பாடம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நீங்கள் போய் உட்கார வேண்டும். அப்படியானால் சில சமயம் அந்த மூன்றாமவராக நீங்களே இருப்பது நல்லது.

உங்கள் கையில் ஆடுதன் ஏஸும் இன்னொரு ஆடுதனும். ஃபிளாப்பில் இரண்டு ஆடுதன். இன்னும் எதுவும் சேரவில்லை. ஒரு ஜோடிகூட இல்லை. மீதி 9 ஆடுதனில் ஒன்று டர்னிலோ ரிவரிலோ வரும் வாய்ப்பு 35 விழுக்காடு. உங்களோடு நான்கு பேர் தொடர்கிறார்கள் என்றால் பாட்டுக்குள் புதிதாக விழும் ஒவ்வொரு டாலரிலும் நீங்கள் போடுவது 20 காசு. உங்கள் பங்கு ஏறத்தாழ 35 காசு. முடியாத கைச்சீட்டை வைத்துக்கொண்டு நீங்கள் பந்தயத்தை ஏற்ற வேண்டும். மிரட்டுவதற்காக அல்ல, ஒருவரும் மிரள மாட்டார்கள். மிரளக் கூடாது என்றுதான் நீங்களும் விரும்ப வேண்டும். அவர்கள் நால்வரும் கட்ட வேண்டும், ஒவ்வொரு கட்டலிலும் உங்களுக்கு லாபம் சேர வேண்டும். மூன்றில் இரண்டு முறை ஆடுதன் வராது. அப்போது சீட்டைப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

எந்தக் கைச்சீட்டோடு உள்ளே நுழைவது என்பதும் இதனால் மாறுகிறது. ஒரே வகையில் இரண்டு, குறிப்பாக ஏஸோடு சேர்ந்தவை. சின்ன ஜோடிகள், மூன்றாவது சீட்டு ஃபிளாப்பில் வருவது எட்டரை தடவைக்கு ஒரு முறைதான் என்றாலும், வந்தால் ஐந்தாறு பேரிடம் வசூலிக்கலாம். இவற்றின் மதிப்பு கூட்டத்தில் ஏறுகிறது. ராஜாவும் ஜாக்கியும் வெவ்வேறு வகையில் வந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆறு பேர் நடுவில் ஒற்றை ஜோடியாக நின்று தோற்கும் சீட்டு அது.

இனி முன்னணியில் இருக்கும்போது செய்ய வேண்டியது. உங்களிடம் நல்ல ஜோடி, உங்களுக்கு முன்னால் இருப்பவர் 4 டாலர் வைக்கிறார். வெறுமனே தொடர்ந்தால் பின்னால் இருப்பவர்கள் 4 கட்டி வந்துவிடுவார்கள். உடனே 8ஆக ஏற்றினால்? முன்பு போலவே பாட்டில் 24, அவர் 4, உங்கள் 8, மொத்தம் 36. பின்னால் இருப்பவருக்கு 8 கட்டினால் நாலரைக்கு ஒன்று. ஃபிளஷுக்குக் காத்திருப்பவருக்கு அது இன்னும் போதும். அவரை விரட்ட முடியாது, விட்டுவிடுங்கள். ஆனால் நடுச்சீட்டு ஒன்றுக்காக வருபவருக்கும் அடியிலுள்ள சின்ன ஜோடிக்காரருக்கும் அது பெரும் நஷ்டம். அவர்கள் போய்விட்டாலும் நல்லது. இருந்து கட்டினாலும் நல்லது. அவர்களைத் தடுக்க வழியில்லை என்று கை கட்டி உட்காருவதுதான் பிழை.

பம்மாத்து, அதாவது சீட்டு இல்லாமல் பந்தயம் வைத்து விரட்டுவது, இந்த மேஜையில் ஏறக்குறைய மடிந்துபோன கலை. ஐந்து பேர் எதிரே இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் பாதித் தடவை பயந்து விலகுவார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஐவரும் சேர்ந்து விலகும் வாய்ப்பு 32இல் 1. பம்மாத்துதான் போக்கர் என்று நம்பி வந்தவருக்கு இது ஒவ்வாது. எளிய ஆட்டம் ஆடத் தன்மானம் இடம் கொடுக்காது. அந்தத் தன்மானத்துக்கு அவர் மணிக்கு மணி கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பார்.

பம்மாத்தில் மிச்சப்படுத்திய துணிவை ரிவரில் செலவழிக்க வேண்டும். கடைசிச் சீட்டும் விழுந்துவிட்டது, எதிரே ஒருவர். உங்கள் ஜோடி சுமாராகத்தான் இருக்கிறது. பந்தயம் வைப்பதா, சும்மா சீட்டைக் காட்டுவதா? அவர் கட்டும் தடவைகளில் பாதிக்கு மேல் நீங்கள் முன்னால் இருந்தால் வைக்க வேண்டும். தளர்ந்த ஆட்டக்காரர் எதை வைத்துக் கட்டுவார் என்று நினைத்துப் பாருங்கள்: அடியிலுள்ள ஜோடி, சில சமயம் வெறும் ஏஸ். அவர் செய்யும் மிகப் பெரிய பிழை ஃபிளாப்பில் அல்ல, இங்கேதான் நடக்கிறது. இங்கே இனி எந்தச் சீட்டும் வரப்போவதில்லை. பயந்து பந்தயம் வைக்காமல் விட்டால், அவர் கட்டித் தோற்றிருக்கக்கூடிய 8 டாலர் போயிற்று. நன்றாக ஆடுகிறவர் மணிக்குச் சராசரியாக ஒரு பெரிய பந்தயம், அதாவது இந்த மேஜையில் 8 டாலர், சம்பாதித்தால் அது நல்ல வருமானம் என்பது கார்டு ரூம்களில் நெடுங்காலமாகப் பேசப்படும் அளவு. மணிக்கு ஒரு முறை ரிவரில் தயங்கி அப்படி ஒரு 8 டாலரை விட்டால் அந்த மணியின் கூலி முழுவதும் போய்விடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. எதிரி பந்தயம் வைத்துப் பாட் 80 டாலராக இருக்கிறது, நீங்கள் 8 கட்ட வேண்டும். 11இல் ஒரு முறை ஜெயித்தால் போதும், கட்டலாம். தவறாகக் கட்டினால் இழப்பு 8. தவறாகச் சீட்டைப் போட்டுவிட்டால் இழப்பு 80.

இப்போது உங்களில் கணினி படிப்பவர்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் தலைமையில் ஒரு குழு பல ஆண்டுகள் இந்த ஆட்டத்தில் உழைத்தது. அவர்களுடைய போலாரிஸ் என்னும் நிரல் 2007இல் ஃபில் லாக், அலி எஸ்லாமி என்னும் இரு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் மயிரிழையில் தோற்றது. 2008இல் லாஸ் வேகாஸில் தொழில்முறையாளர் குழுவை வென்றது. 2015 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் அவர்கள் ஒன்றை அறிவித்தார்கள்: இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் தீர்க்கப்பட்டுவிட்டது. 4,800 செயலிக் கருக்கள் 68 நாள் இடைவிடாமல் கணித்து உருவாக்கிய அந்த நிரலின் பெயர் செஃபியஸ். ஒருவர் ஆயுள் முழுவதும் அதோடு ஆடினாலும் அதைவிடத் தாம் உயர்வு என்று நிறுவ முடியாத அளவுக்கு அது பிழையற்றதற்கு அருகில் இருக்கிறது. மறைந்த சீட்டுகள் உள்ள, மனிதர்கள் போட்டியாக ஆடும் ஒரு ஆட்டம் இவ்வாறு தீர்க்கப்பட்டது அதுவே முதல் முறை. இந்த நூற்றாண்டின் அழகான கணித வேலைகளில் ஒன்றாக நான் அதைக் கருதுகிறேன்.

ஆனால் கவனியுங்கள். செஃபியஸ் தேடியது தோற்கடிக்க முடியாத ஆட்டத்தை. பலவீனமானவரிடமிருந்து அதிகபட்சம் பெறும் ஆட்டத்தை அது தேடவில்லை. எதிரே இருப்பவர் எப்போதும் கட்டுகிறவர் என்று தெரிந்தாலும் அது தன் விகிதப்படி பம்மாத்து செய்துகொண்டே இருக்கும். தன்னைக் காத்துக்கொள்ள அது தேவை. இந்த எதிரியிடம் அது வீண் செலவு. மேலும் இருவர் ஆட்டத்தில் கிடைக்கும் அந்த உத்தரவாதம் மூவர் வந்ததும் இல்லாமல் போகிறது. ஆகவே கலிஃபோர்னியாவின் 4-8 மேஜையில் ஒன்பது பேர் நடுவில் உட்காரும் மனிதர், உலகின் தலைசிறந்த நிரலைப் பார்த்து ஆடினால் குறைவாகத்தான் சம்பாதிப்பார். அவர் பார்க்க வேண்டியது எதிரே இருக்கும் ஆளை.

இவ்வளவும் சரியாகச் செய்தால் வெற்றி நிச்சயமா? நீண்ட காலத்தில். எவ்வளவு நீண்ட காலம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மணிக்கு ஒரு பெரிய பந்தயம் சராசரி லாபம் என்றும், திட்ட விலக்கம் மணிக்குப் பத்துப் பந்தயம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இது இயல்பான அளவுதான். 100 மணி நேரத்தில் எதிர்பார்க்கும் லாபம் 100 பந்தயம், விலக்கமும் 100. அதாவது சரியாக ஆடும் ஆறு பேரில் ஒருவர் 100 மணி நேரம் உழைத்தபின் நஷ்டத்தில் நிற்பார். 400 மணி நேரம் ஆனாலும் நாற்பதில் ஒருவருக்கு இந்தக் கதிதான். பெரிய பந்தயத்தில் இந்த ஊசலாட்டம் எவ்வளவு கொடியது என்பதற்கு வங்கியாளர் ஆண்டி பீலின் வரலாறு சான்று. லாஸ் வேகாஸின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பணத்தைச் சேர்த்து, அவரோடு தனித்தனியாக லிமிட் ஹோல்டெம் ஆடினார்கள். பந்தயம் லட்சம் டாலரையும் தாண்டியது. 2006 பிப்ரவரியில் அவர்களை வென்று சென்ற பீல், அதே மாதம் திரும்பி வந்து அவர்களில் ஒருவரான ஃபில் ஐவியிடம் மூன்றே நாளில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் இழந்தார்.

சிறு மேஜையில் இன்னொரு எதிரியும் இருக்கிறார்: இடத்தின் சொந்தக்காரர். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் 4 டாலர் எடுக்கிறார்கள், மணிக்கு 30 ஆட்டம் நடக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 120 டாலர் மேஜையை விட்டுப் போகிறது; ஒன்பது பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 13 டாலருக்கு மேல். நல்ல ஆட்டக்காரர் பாடுபட்டுச் சம்பாதிக்கும் 8 டாலரைவிட அது அதிகம். எல்லோரும் சமமாக ஆடும் மேஜையில் எல்லோரும் தோற்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். தளர்ந்து ஆடுகிறவர் இல்லாவிட்டால் இந்த மேஜையில் லாபம் என்ற ஒன்றே இல்லை.

அதனால்தான் அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஏஸை இரண்டு சின்னச் சீட்டால் உடைத்தவரைப் பார்த்து முகம் சுளிப்பதும், "இதை வைத்து எப்படி வந்தீர்கள்" என்று பாடம் நடத்துவதும் கார்டு ரூம்களில் அன்றாடக் காட்சி. அது அநாகரிகம், அவர் தம் பணத்தில் தம் பொழுதைக் கழிக்க வந்தவர். வாடகைப் பணத்தை வைத்து ஆடுகிறார் என்று தெரிந்தால் அந்த மேஜையிலிருந்து எழுந்துவிடுவதுதான் மனிதத் தன்மை. கணக்குச் சரியாக இருப்பதால் மட்டும் ஒரு செயல் நேர்மையாகிவிடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் ஊர் நிலைமையையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தற்செயலின் ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறனா தற்செயலா என்ற கேள்விக்கே போகாமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. நூறு மணி நேரத்துக்குத் தற்செயல் ஆள்கிறது, பல நூறு மணி நேரத்துக்குத் திறன் ஆள்கிறது என்று இன்று பார்த்தோம். இளைஞர்கள் பெரும்பாலோர் முதல் நூறு மணி நேரத்துக்குள்ளேயே கடனாளி ஆகிவிடுகிறார்கள் என்ற அச்சத்தை நான் புறந்தள்ள மாட்டேன்.

ஆகவே மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது. வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கும். நான்கு ஆடுதனும் ஒரு வேறு சீட்டும் எடுத்துத் தனியே வையுங்கள். மீதி 47ஐ நன்றாகக் கலைத்து இரண்டு சீட்டுப் போடுங்கள்; ஆடுதன் வந்ததா இல்லையா என்று குறியுங்கள். நூறு முறை செய்யுங்கள். 35க்கு எவ்வளவு அருகில் வருகிறது, தொடர்ந்து எத்தனை முறை வராமல் போகிறது என்று பாருங்கள். முடிவை உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். பணம் வைக்காதீர்கள்.